மிஞ்சிய ஸ்பிரிங்

மூன்றாவது தடவையும் ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது.

கியர் பெட்டியைக் காருக்கடியில் தூக்கிப் பூட்டி, கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டு ஹார்லன் வெளியே உருண்டு வந்தபோது, நண்பர் மெர்ல் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். அதில் சுண்டுவிரல் நகமளவு ஸ்பிரிங்.

"வாத்தியாரே, இது எங்கய்யா போவணும்?"

ஹார்லன் முப்பத்தொரு வருடம் அந்த ஊர்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பதினாறு ஸ்பிரிங்கை எண்ணத் தெரியவில்லை.

கார் அவருடைய ஆசைக் கார். அறுபத்தாறாம் வருடத்து நீலக் கார், மேற்கூரை மடங்கும். போன அக்டோபரில் பள்ளி ஊர்வலத்தில், பின்சீட்டில் அந்த வருடத்துப் பள்ளி ராணியாகக் கிரீடம் வைத்த பெண்ணோடு, மெயின் தெருவின் நட்டநடுவில் நின்றுபோனது. எஞ்சின் ஊரைக் கூட்டியது, சக்கரம் அசையவில்லை. பாண்டு வாத்தியக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து அவரைச் சுற்றிப் போனார்கள். கிரீடக்காரப் பெண் இறங்கி நடந்தாள்.

மெக்கானிக்கிடம் விடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்ன பெரிய வித்தையா, நானே பிரிக்கிறேன் என்று ஓட்டலில் பத்துப் பேர் எதிரே சொல்லித் தொலைத்தார். மே மாத ஊர்வலத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார்.

நவம்பரில் மெர்லுடைய மனைவி பெவர்லியை அடக்கம் செய்தார்கள். அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெர்ல் டோனட் பெட்டியோடு கராஜ் வாசலில் நின்றார். விளக்குப் பிடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. இருட்டும் வரை வீட்டுக்குப் போகமாட்டார்.

முதல் ஸ்பிரிங் ஜனவரிக் கடைசியில் மிஞ்சியது. பெட்டியை இறக்கிப் பிரித்துப் பார்த்தால், உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எண்ணியதில்தான் பிசகு என்று பூட்டினார். மார்ச்சில் இன்னொன்று. இப்போது இது.

"ஹார்லன், அது ஒருவேளை உன் மண்டையில இருந்து விழுந்துதோ என்னமோ" என்றாள் மனைவி வெர்னா, சூப்புக் கிண்ணங்களை நீட்டிக்கொண்டே. அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை புது கேஸ்கட் வாங்க உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஜனவரியில மெர்ல் ஒரு பாக்கெட் ஸ்பிரிங் வாங்கிட்டுப் போனாரே, அதுக்குள்ளயா தீந்துபோச்சு?"

ஹார்லன் மெர்லை ஸ்பிரிங் வாங்கச் சொல்லவே இல்லை.

"இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அன்றாடம் ஓட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, மிஞ்சிய மூன்று ஸ்பிரிங்கையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தனியாகக் கியர் ஆயிலை ஊற்றி, காரைத் தரையில் இறக்கினார். பால் பண்ணை வரை போய்த் திரும்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் விழுந்ததே தெரியவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி. பாதி வழியில் தன்னையறியாமல் ஹாரன் அடித்தார். ரோட்டில் பசுக்கள் மட்டும்தான் இருந்தன.

திரும்பி வந்து, ஆயிலை வடித்தார். காரை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினார். ஊர்வலக் கமிட்டிக்குப் போன் போட்டு, இந்த வருடம் முடியாது என்றார். மறுமுனையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

வெர்னா ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மெர்ல் வந்தார். டோனட் பெட்டியை மேஜையில் வைத்தார். கோட்டைக் கழற்றாமல் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, சரியாயிடுச்சா?"

"எங்க? பழையபடிதான். எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். முழுசா இறக்கணும்."

மெர்ல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"உன்ன நம்பி உக்காந்தா, கிறிஸ்துமஸ் வந்துரும் போல இருக்கே."

"வரட்டும்" என்றார் ஹார்லன், காருக்கடியில் நகர்ந்துகொண்டே. "வெளக்க இந்தப் பக்கம் காட்டு."