தூதனின் விரல்கள்

வேதமணி கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு அந்தத் தங்கச் சங்கிலிக் கடிகாரத்தைத் திருப்பினான். பின்மூடியில் எனாமல் சித்திரம். விறகின்மேல் கட்டுண்டு கிடக்கும் ஈசாக்கு, பெற்ற மகனை வெட்டக் கத்தியை ஓங்கிய ஆபிரகாம், பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்ட தேவதூதன். மூன்று தலைமுறையாகச் சட்டைப்பையில் கிடந்தும் ஒரு கீறல் இல்லை.

"நல்லாத்தானே ஓடுது, அண்ணாச்சி?"

"ஓட்டத்துக்கு ஒண்ணுமில்ல. அந்தத் தூதனச் சுரண்டி எடுத்துரு," என்றார் அருமைநாயகம்.

வேதமணிக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவருடைய ஒரே மகனை அடக்கம் செய்து எட்டு நாள்கூட ஆகவில்லை. பையன் மாடிப்படியில் தவறி விழுந்தான் என்றுதான் ஊரில் சொல்லியிருந்தார்கள்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"நான் கைய ஓங்குனப்ப எவனும் வந்து பிடிக்கலயே."

வேதமணி ஊசியை எடுத்தான். முதலில் இறக்கைகள் நீலப் பொடியாக உதிர்ந்தன, அப்புறம் முகம். மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரல்களுக்கு வந்ததும் ஊசி நின்றது.

"இத எடுத்தா ஆபிரகாம் கையும் சேந்து போயிரும், அண்ணாச்சி."

அருமைநாயகம் மேசைமேல் வைத்திருந்த தன் வலது கையைப் பார்த்தார்.

"போகட்டும்," என்றார்.