பேர் எழுதாத பதில்

"யாருலே சொன்னது? பேரச் சொல்லு!"

பஞ்சாயத்துத் தலைவர் குற்றாலிங்கம் என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஞானதுரை சார் முழித்துக்கொண்டு நின்றார்.

இந்த வம்பை இழுத்ததே சார்தான்.

சார் திருநெல்வேலியில் காலேஜ் வாத்தியார். ஜனங்கள் தலைவர்களைப் பற்றி மனசுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி. ஓட்டு யாருக்கு என்று கேட்கக் கூடாதாம். உட்கார வைத்துப் பேச விட வேண்டுமாம். அவர் பேசுகிற தமிழைக் கேட்டால் எங்க ஊர்க்காரர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அதனால் பள்ளிக்கூடம் முடித்துச் சும்மா இருந்த என்னைக் கேள்வி கேட்க வைத்துக்கொண்டார்.

"தனியாகக் கேள். குறுக்கே பேசாதே. சொன்னதைச் சொன்னபடி எழுது. பேரை மட்டும் எழுதாதே, எனக்குக்கூடச் சொல்லாதே" என்று படித்துப் படித்துச் சொன்னவரும் அவரே.

அப்படித்தான் கீழத்தெரு தங்கத்தாய் அக்கா சொன்னாள்: "தலைவரு நல்லவருதான். தெருவுக்கு லைட்டுப் போட்டாரு. ஆனா ஓட்டுக் கேட்டு வரும்போது தண்ணி நீட்டுனா, 'இப்பந்தாம்மா குடிச்சேன்'ம்பாரு. எந்த வீட்டுக்குப் போனாலும் இப்பந்தான் குடிச்சிருப்பாரு."

சொன்ன கையோடு பயந்துபோனாள். "தம்பி, அவரு வயல்லதான் எனக்கு நடவு. நாந்தான்னு தெரிஞ்சா நாளைக்குக் கூப்பிட மாட்டாவ."

"யாருக்கும் தெரியாதுக்கா" என்றேன்.

இன்று காலை பஞ்சாயத்து போர்டு ஆபீசில் தலைவர், "நம்மளப் பத்தி என்ன சொல்லுதாவ சார்?" என்று சிரித்தார். அவர் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "கீழத்தெருவில் ஒருவர் அழகாகச் சொல்லியிருக்கிறார்" என்று சார் அதையே வாசித்துக் காட்டிவிட்டார்!

"சொல்லுலே!"

"மாட்டேன் அண்ணாச்சி. வாக்கு குடுத்தாச்சு."

சார் என் காதோரம் குனிந்தார். "சொல்லிடுப்பா. மேலத்தெரு இன்னும் பாக்கி இருக்கிறது. அவர் தயவு வேண்டும்."

"நீங்கதான சார், எனக்குக்கூடச் சொல்லாதேன்னு சொன்னிய?"

"அது... பொதுவாகச் சொன்னது."

தலைவர் சைக்கிளை விட்டார். குரல் இறங்கியிருந்தது.

"யாரு பொழப்பையும் கெடுக்கவா கேக்குதேன்? அந்தத் தெருவுல பச்சத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எங்க அய்யா சொல்லி வளத்தாரு. நானும் 'இப்பந்தான் குடிச்சேன்'னு சொல்லிப் பழகிட்டேன். யாரும் கவனிக்கலன்னு நெனச்சேம்லே. இன்னைக்கே அந்த வீட்ல போயி ஒரு செம்பு தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கணும். எந்த வீடுன்னு மட்டும் காட்டு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வீட்டில் குடித்தால் மற்ற வீட்டுத் தண்ணீர் எல்லாம் என்னவாம்?

"காட்ட மாட்டேன். எல்லா வீட்லயும் குடிங்க."

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாலே."

கீழத்தெருவில் முதல் வீடு அய்யாக்குட்டிப் பாட்டையா வீடு. தலைவர் தண்ணீர் கேட்டதும் அவர் நகரவே இல்லை.

"தலைவரே, இப்பந்தான குடிச்சிருப்பிய?"

"இல்ல பாட்டையா. குடுங்க."

குற்றாலத்துச் சாரல் இங்கே வரைக்கும் தூறிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் எவனுக்குத் தாகம் எடுக்கும்? இருந்தாலும் குடித்தார். அடுத்த வீட்டிலும் குடித்தார். "நாளைக்கு நடவுக்கு வெள்ளன வந்திருங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

தங்கத்தாய் அக்கா செம்பை நீட்டினாள். என்னைப் பார்த்தாள். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். தலைவர் குடித்து முடித்து, மற்ற வீட்டில் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிட்டு நடந்தார்.

சார் என்னைத் தனியே இழுத்தார். "மனுஷனுக்கு வயிறு உப்பிவிட்டதப்பா. அந்த வீடு தாண்டிவிட்டதென்றால் சொல்லிடு, நிறுத்திக்கொள்ளட்டும்."

தெருவில் இன்னும் பாதி வீடு இருந்தது. வாசலுக்கு வாசல் செம்போடு ஆள் நின்றது.

நான் சைக்கிளை அடுத்த வாசலுக்கு உருட்டினேன்.