பக்கபலம்

“எழுதிக்கோம்மா. கல்யாணமான பொண்ணு ஜூடோ கத்துக்கறேன்னா எந்தப் புருஷன் அனுப்புவான்? நான் அனுப்பினேன்.”

நிருபர் எழுதிக்கொண்டாள். அவள் பேட்டி காண வந்தது மாஸ்டரை. பதில் சொல்லிக்கொண்டிருந்தது மாஸ்டரின் கணவர்.

போன வாரம் சர்வதேசப் போட்டியில் தங்கம் வாங்கிய பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தவர் மாஸ்டர். ஒரு காலத்தில் அவரே ஆறு வருடம் தொடர்ந்து தேசிய சாம்பியன். இப்போது பயிற்சிக்கூடத்து மெத்தையில் முழங்கால் பட்டையோடு உட்கார்ந்து, இரண்டு மாணவிகள் சட்டையைப் பற்றி மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முழங்கால் போனப்ப மனசு உடைஞ்சு போச்சா, மாஸ்டர்?”

“மூணு மாசம் படுக்கையில...” என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

“படுக்கையில கிடந்தவளை நான்தான் தேத்தினேன்,” என்றார் கணவர். “ஆடினது போதும், நாலு பேருக்குச் சொல்லிக்குடுன்னேன். கோச் ஆனது என் யோசனை.”

“கோச் பரீட்சைக்குப் படிச்சது நான்.”

“புத்தகம் வாங்கித் தந்தது யாரு?”

விட்டால் தங்கம் வாங்கிய பெண்ணைப் பெற்றதும் தானே என்பார் போலிருந்தது. நிருபர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“தலைப்புகூட யோசிச்சு வெச்சுட்டேன். ‘வெற்றிக்குப் பின்னால் ஒரு கணவன்.’ என் போட்டோ கொஞ்சம் பெரிசா வரட்டும்மா.”

அவருடைய கைபேசி ஒலித்தது. இன்னொரு பத்திரிகை. “மாஸ்டரா? எதுவானாலும் என்கிட்டயே கேளுங்க,” என்றபடி வெளியே போனார்.

நிருபர் சட்டென்று மாஸ்டர் பக்கம் நகர்ந்தாள். “கல்யாணமாகி மூணு வருஷம் கழிச்சு, திடீர்னு எதுக்கு ஜூடோ?”

“கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டு போட்ட நர்ஸ்தான் சொன்னாங்க. ‘எங்க தெருவுல ஜூடோ வகுப்பு இருக்கு. அடிபடாம விழறதுதான் முதல் பாடமாம். போய்ச் சேரு’ன்னு.”

“எங்கயாவது விழுந்துட்டீங்களா?”

“அப்படித்தான் அவங்க சீட்டுல எழுதினாங்க.”

“சார் உடனே சம்மதிச்சாரா?”

“எட்டு மாசம் அவருக்குத் தெரியாமத்தான் போயிட்டு வந்தேன்.”

“அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?”

வெளியே கணவரின் குரல் முழங்கிக்கொண்டிருந்தது. மெத்தையில் ஒரு மாணவி இன்னொருத்தியை இடுப்பில் ஏற்றித் தொப்பென்று போட்டாள். மாஸ்டர் சரியென்று தலையசைத்துவிட்டுத் திரும்பினார்.

“ஒரு நாள் சமையலறையில, வழக்கம்போலக் கையை ஓங்கிட்டு வந்தார். தரையிலேர்ந்து எந்திரிக்கவே அவருக்குக் கால் மணி நேரமாச்சு. எந்திரிச்சவர், ‘நாளையிலேர்ந்து வகுப்புக்கு நானே கொண்டுபோய் விடறேம்மா’ன்னார்.”