சிவப்புக் கள்ளி

“கழுத்து வரைக்கும் கறுத்துப்போச்சுக்கா. அறுத்துடட்டுமா?”

ஐயப்பன் பிளேடைக் கள்ளியின் கழுத்தில் வைத்திருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மொட்டை மாடித் தரையில் வைத்திருந்தான்.

“யோசிக்காத தம்பி, அறுத்துடு. உள்ள வெள்ளையா இருந்தா உசுரு இருக்குது. கறுப்பா இருந்தா இன்னும் கொஞ்சம் மேல அறு.” பேசியது பொம்மையார்பாளையத்தில் நர்சரி வைத்திருக்கும் சகாயமேரி.

கண்ணை ஒருமுறை மூடித் திறந்து அறுத்தான். பச்சைத் தண்டு துண்டாக விழுந்தது. அதன் தலையில் ஒட்டுப் போட்டிருந்த சிவப்பு உருண்டைக் கள்ளி மட்டும் உள்ளங்கையில் நின்றது. திருப்பிப் பார்த்தான். நடுவில் பழுப்பு வட்டம்.

மெல்லிசாகச் சீவினான். பழுப்பு. இன்னும் சீவினான். அப்போதும் பழுப்பு. கடைசியில் விரல்களில் ஒட்டியிருந்த சிவப்புக் கொழகொழப்பைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை.

“போயிடுச்சுக்கா.”

“சரி விடு. வேற வாங்கி வெச்சுக்கலாம். செடிதானே?”

போனை அணைத்தான்.

அது வெறும் செடி இல்லை. புதுச்சேரி காலேஜுக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்த மகன் சித்தார்த்தன், போன வருஷம் கூனிமேட்டுக்குப் பக்கத்தில் லாரியில் அடிபட்டு இறந்துபோனான். காரியம் முடிந்த மறு வாரம் மனைவி ஜெயா இந்தக் கள்ளியை வாங்கி வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த ஐயப்பனின் தலைமாட்டில் வைத்தாள்.

“இது பட்டுப்போச்சுன்னா நானும் இருக்க மாட்டேங்க.”

அழாமல் சொன்னாள். மகன் போனதிலிருந்தே அவள் அழுது அவன் பார்க்கவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அன்றைக்குத்தான் படுக்கையை விட்டு எழுந்தான்.

அதன்பின் ஜெயா ஒவ்வொன்றாகக் கள்ளிகளை வாங்கி வந்தாள். போனில் வீடியோ பார்த்தும், சகாயமேரியிடம் கேட்டும் ஐயப்பன் வளர்க்கக் கற்றுக்கொண்டான். குட்டிகளைப் பிரித்துத் தயிர் டப்பாக்களில் நட்டான். டிராகன் பழத் தண்டை வெட்டி, அதன்மேல் கள்ளித் தலையை வைத்து ரப்பர் பேண்டு மாட்டி ஒட்டுப் போட்டான்.

ஆனாலும் ஒன்று தேறினால் அடுத்தது படுத்துக்கொள்ளும். பங்குனி வெயிலில் அவன் தண்ணீரே காட்டாத தொட்டிகூட அடியில் சொதசொதவென்று கிடக்கும். கடற்காற்றின் ஈரம் என்று நினைத்துக்கொள்வான். அந்தச் சிவப்பை மட்டும் எப்படியோ இத்தனை நாள் காப்பாற்றி வந்தான்.

சாயங்காலம் ஜெயா தையல் கடையிலிருந்து வந்துவிடுவாள். வந்ததும் மாடிக்குத்தான் ஏறுவாள். காலித் தொட்டியைப் பார்ப்பாள்.

ஐயப்பன் கீழே ஓடினான். தன் பைக்கின் கவரை உருவி எறிந்தான். மகன் போனபின் அவன் பைக்கைத் தொட்டதில்லை, அவன் அடிபட்ட ஈசிஆர் ரோட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததும் இல்லை. ரோட்டோர உப்பளத்தில் பார்த்த மேஸ்திரி வேலைக்குக்கூடத் திரும்பவில்லை.

கூனிமேடு நெருங்கியபோது வேகத்தைக் குறைத்தான். எதிரே லாரி வரும்போதெல்லாம் வண்டி தானாக ஓரம் போனது. மகன் விழுந்த இடத்தை வாய்விட்டு அழுதுகொண்டே தாண்டினான். நிறுத்தினால் மறுபடி கிளம்ப முடியாது என்று தெரிந்திருந்தது.

நர்சரியில் போனிலிருந்த பழைய செடியின் படத்தைக் காட்டினான். “இதே உசரம், இதே சிவப்புல வேணும்க்கா. தலை லேசா சப்பையா இருக்கணும். என் வீட்டுக்காரிக்கு வித்தியாசம் தெரியக் கூடாது.”

சகாயமேரி அவன் முகத்தைப் பார்த்தாள். வரிசை வரிசையாகத் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது உப்பளத்தில் யாரோ கை அசைத்துக் கத்தினார்கள். “அண்ணே! வெளிய வந்துட்டீங்களா? வேலைக்கு எப்போ வர்றீங்க?” பதிலுக்கு ஐயப்பன் கையைத் தூக்கிவிட்டு வண்டியை முறுக்கினான்.

புதுச் செடியைப் பழைய தொட்டியில் வைத்து, பழைய மண்ணைப் போட்டு, மேலே பழைய கூழாங்கற்களைப் பரப்பி முடிப்பதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

ஜெயா தொட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“பைக் கவர் கீழ கெடக்குது. எங்கங்க போனீங்க?”

“பொம்மையார்பாளையம்.”

“அந்த ரோட்டுலயா? நீங்களே ஓட்டிட்டா?”

தலையை ஆட்டினான். அதற்கு மேல் பொய் சொல்ல அவனிடம் தெம்பில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

“ஜெயா, அது செத்துப்போச்சு. இது வேற. உன்ன ஏமாத்தப் பாத்தேன். என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணேன், காப்பாத்த முடியல. நீ ஏதும் பண்ணிக்காத ஜெயா. அவனும் இல்ல, நீயும் இல்லன்னா...”

ஜெயா அவன் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். மகன் போனபின் முதல்முறையாக, தெருவுக்கே கேட்கும்படி ஓவென்று அழுதாள். ஐயப்பன் பதறிப்போய் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும், அவன் தோளில் முகத்தைப் புதைத்தபடி சொன்னாள்.

“தெனம் தண்ணி ஊத்தி அழுக வெச்சதே நான்தாங்க... இல்லாட்டி நீங்க எழுந்திரிச்சே இருக்க மாட்டீங்க.”