தட்டின் ஓரத்தில் ஒன்று

பரிபூரணத்தின் முழங்கையிலிருந்து துளித் தோலைக் கிள்ளியெடுத்து, அதை முதலில் ஸ்டெம் செல்லாகவும் பிறகு இதயச் செல்லாகவும் மாற்றி, ஒரு கண்ணாடித் தட்டில் துடிக்க விட்டிருந்தார்கள். புதிய புற்றுநோய் மருந்தை அவள் இதயம் தாங்குமா என்று அறிய, நேற்று அந்தத் தட்டில்தான் முதல் சொட்டை விட்டார்கள்.

"நின்னுடுச்சும்மா," என்றார் டாக்டர் இளவழகி, பேனாவைத் திறந்தபடி. "இந்த மருந்தை உங்களுக்குக் கொடுக்க முடியாது. வேற மருந்தும் கைவசம் இல்ல."

"நான் பாக்கணும்."

முப்பது வருடம் கபடி ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவள் பரிபூரணம். மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை. செல்கள் திட்டுத்திட்டாக அசையாமல் கிடந்தன.

"டாக்டர், இடது ஓரத்துல ஒன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு."

டாக்டர் குனிந்து பார்த்தார். "ஆமா. ஆனா ஒன்னு ரெண்டு மிஞ்சினா அதைக் கணக்குல சேர்க்க மாட்டோம்மா."

"அது யாரு போட்ட ரூல்? கோட்டுக்குள்ள ஒருத்தி நிக்கிற வரைக்கும் ஆல் அவுட் கிடையாது."

"இது விளையாட்டு இல்லம்மா."

"விளையாட்டுன்னு நானும் சொல்லலியே."

மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டாள். டாக்டரின் பேனா, படிவத்தில் 'துடிப்பு நின்றது' என்றிருந்த கட்டத்தை நோக்கி இறங்கியது. பரிபூரணம் தலையைத் திருப்பாமலே, ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கையை நீட்டி அந்தக் கட்டத்தின் மேல் விரித்து வைத்தாள்.

"எழுதாதீங்க," என்றாள். "நான் இன்னும் விசில் ஊதல."