மிஸ்டர் டால்பட் சொன்ன குறைகள்

“இதைப் போய் வெல்டிங்னு சொல்லாதீங்க மேடம். கோழி நடந்து போன தடம்கூட இதைவிட நேரா இருக்கும்!”

சொல்லிவிட்டு, வெர்லன் புரூயிட் அந்த வண்டிச் சட்டத்தின் குழாய் இணைப்பை விரலால் தடவினார். பத்து சென்ட் நாணயங்களைச் சாய்த்து அடுக்கினாற்போல அத்தனை சீராக இருந்தது. பேக்கர்ஸ்ஃபீல்டில் இப்படி ஒட்டத் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான். அதைப் போன மார்ச்சில் புதைத்தாகிவிட்டது.

“எனக்கு என்ன தெரியும் மிஸ்டர் டால்பட்?” என்றாள் நடீன், செத்துப்போன ஆரின் டாக்கெட்டின் மனைவி. “ஆறு வருஷம் இந்தக் கொட்டகையிலயே கிடந்தார். நான் சாப்பாட்டைக் கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிடுவேன்.”

டால்பட் என்பது வெர்லனின் மச்சான் பெயர். போனில் அதைத்தான் கொடுத்திருந்தார். மார்பில் ‘வெர்லன்’ என்று சிவப்பு நூலில் தைத்த கிளப் ஜாக்கெட்டைக்கூட தன் பிக்கப் லாரியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். ஆரின் வீட்டு வாசலைச் சொந்தப் பெயரோடு மிதித்தால் நாற்பது வருஷ வீறாப்பு என்ன ஆவது?

ஒரு காலத்தில் இருவரும் கூட்டாளிகள். ஆரின் டிராக்ஸ்டர் என்கிற நேர்கோட்டுப் பந்தய வண்டி கட்டுவார், வெர்லன் ஓட்டுவார். எஞ்சின் முன்னால், ஓட்டுகிறவர் அதற்குப் பின்னால். கால் மைலை ஏழு நொடியில் கடக்கிற வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர் காலடியிலேயே கிளட்ச் வெடித்தது. வெர்லனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றே ஆரின் சொல்லிவிட்டார்: “இனிமே எஞ்சினுக்குப் பின்னாடி ஆளை உட்கார வைக்கிற வண்டி என் கையால கிடையாது.”

“கோழை!” என்றார் வெர்லன், பந்தயத் திடலில் நாற்பது பேர் கேட்க. அதோடு பேச்சு அறுந்தது. நடீன் அதற்கப்புறம் வந்தவள்; வெர்லனைப் பார்த்ததே இல்லை.

வெர்லனும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் காபிக் கடையில் உட்கார்ந்து, காகித நாப்கினில் தன் அடுத்த வண்டிக்குத் திட்டம் போட்டார். அவர் வரைந்த வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் லாஸ் ஏஞ்சலஸ் வரை போகும். ஓடியது ஒன்றுகூட இல்லை. இந்த அக்டோபரில் பழைய பந்தய வண்டிகளை மறுபடி ஓட்டும் கூடல். வயது அறுபத்தெட்டு. பந்தயம் ஓட்டலாம் என்று அடுத்த வருஷம் எந்த டாக்டரும் அவருக்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

அப்போதுதான் இந்த விற்பனை விளம்பரம் கண்ணில் பட்டது. முன்னால் எஞ்சின்! எனக்குக் கட்ட மாட்டேன் என்ற ஆள், தனக்கென்று ரகசியமாய்க் கட்டிக்கொண்டானே!

“எவ்வளவு சொன்னீங்க?”

“முப்பதாயிரம் டாலர். அவர் எழுதி வெச்ச விலை.”

“செத்தவங்களைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாது,” என்று வெர்லன் தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்கள் எல்லாரும் பேசுகிறாற்போலவே பேசினார். “ஆனா கடைசிக் காலத்துல கண்ணு மங்கியிருக்கும், கை நடுங்கியிருக்கும். இந்தக் குழாயெல்லாம் அறுத்து மறுபடி ஒட்டணும். பதினெட்டு தர்றேன்.”

“கை நடுங்கத்தான் செஞ்சுது,” என்றாள் நடீன். “ஒரு கையை இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டு ஒட்டுவார். சரி, பதினெட்டே குடுங்க. வண்டி வெளிய போனா போதும். இதைப் பார்த்துக்கிட்டே டீ குடிக்க முடியல.”

வெர்லன் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். சவ அடக்கத்துக்குச் சர்ச் வாசல் வரை போனவர்தான். வண்டி நிறுத்த இடமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டார். இடம் நிறையவே இருந்தது.

“உட்கார்ந்து பார்த்துடுங்க,” என்றாள் நடீன். “அப்புறம் சரியில்லைன்னு வரக் கூடாது.”

“இதுல எங்க உட்கார்றது? உங்க வீட்டுக்காரர் ஆறு அடி நாலு அங்குலம். நான் உள்ள போனா கிணத்துல விழுந்த தவளைதான்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். “போட்டோவுல பார்த்தேன்.”

இன்னொரு குறை கிடைக்கும், இன்னும் இரண்டாயிரம் இறக்கலாம். பூட்ஸைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் இறங்கினார்.

இருக்கை இடுப்பைக் கவ்வியது. தலைக்கு மேல் வளைந்த குழாய் இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. வலது கால் பெடலில் போய் அமர்ந்தது. இடது கால்?

அந்த வெடிப்புக்குப் பிறகு அவருடைய இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. பூட்ஸுக்குள் கட்டை வைத்துத்தான் நாற்பது வருஷமாக எந்த வண்டியின் பெடலையும் எட்டியிருக்கிறார். இப்போது வெறும் காலே கிளட்ச்சின் மேல் கச்சிதமாய்ப் போய் உட்கார்ந்தது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நடீன் சங்கடப்பட்டாள்.

“இடது பெடல்தானே? வர்றவங்க எல்லாரும் அதைத்தான் குறை சொல்றாங்க, கிட்ட இருக்குன்னு. யாரோ வெர்லனாம். ‘எஞ்சின் முன்னாடி இருந்தாத்தான் அவன் உட்காருவான்’னு அவனுக்காகவே கட்டினார். வந்து பார்த்துக்கோன்னு லெட்டர்கூடப் போட்டார்; உறை மேல ‘வாங்க மாட்டேன்’னு எழுதி, பிரிக்காமலே திரும்பி வந்துடுச்சு. நீங்க எதுக்கு அந்தக் குறையைச் சுமக்கணும்? அதுக்கும் ஒரு ஆயிரம் கழிச்சுக்குங்க, மிஸ்டர் டால்பட்.”