கனேலாவுக்கு வந்த இளைப்பு

கனேலா நடுங்குவதைப் பார்த்ததும் மிக்தாலியாவுக்கு வாயெல்லாம் பல்.

"வில்ஃப்ரெடோ, இங்க வந்து தொட்டுப் பாரு! நெஞ்சு படபடன்னு அடிக்குது, காலெல்லாம் வெடவெடங்குது. தோன்யா கார்மின் சொன்னது பலிச்சிடுச்சு!"

கனேலா, உள்ளங்கையில் அடங்கிவிடும் சிவாவா நாய்க்குட்டி. ஆஸ்துமா பிள்ளையோடு அந்த ஜாதி நாயைப் படுக்க வைத்தால் நோய் நாய்க்கு மாறிவிடும் என்பது உத்துவாதோ மலையில் எல்லா அம்மாக்களும் அறிந்த வைத்தியம். பக்கத்து வீட்டு தோன்யா கார்மின் அடித்துச் சொன்னதால் ஆறு வாரத்துக்கு முன்பு வாங்கினார்கள்.

வாங்கிய அன்றே மகள் யரேலிஸின் இன்ஹேலரை மிக்தாலியா குப்பையில் வீசிவிட்டாள்.

"இதை இழுத்தா பிள்ளைக்குக் கை நடுங்குது. குவாத்ரோ வாசிக்க உக்காந்தா ஒரு கம்பியை ஒழுங்கா அமுக்க முடியல. ராத்திரி தூக்கமும் இல்ல. இது மருந்தா, விஷமா?"

வில்ஃப்ரெடோ மனைவியை எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. பக்கத்து ஊர் மருந்துக்கடையில் புது இன்ஹேலர் வாங்கி வந்து, ஒன்பது வயது மகளிடம் ரகசியமாகக் கொடுத்தான்.

"இளைப்பு வந்தா ரெண்டு இழுப்பு. அம்மாவுக்குத் தெரிஞ்சுது, என்னையும் நாயோட சேத்து வாசல்ல கட்டிடுவா."

யரேலிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பிறகு அவன் அவ்வப்போது, "மருந்து குறையுதா?" என்று காதோடு கேட்பான். "குறையுதுப்பா" என்பாள். அவனுக்கு அது போதும். மனைவி நாய்க்கு நன்றி சொல்லிக்கொள்ளட்டும், பிள்ளை நன்றாக இருந்தால் சரி.

ஆறு வாரம் விடாமல் பெய்து, காற்றில் தூசியே இல்லாமல் கழுவி வைத்திருந்த மழை போன வாரம்தான் நின்றது. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் தூசி இரண்டு நாளாக மலையையே மறைத்துவிட்டது. அன்று மத்தியானம் கிட்டார் மாதிரியான அந்தக் குவாத்ரோவை மீட்டிக்கொண்டிருந்த யரேலிஸ் பாதியில் நிறுத்தினாள். மூச்சு விசிலடித்தது.

மிக்தாலியா பதறவில்லை. நாயைத் தூக்கி மகளின் நெஞ்சோடு வைத்தாள்.

"இறுக்கிக் கட்டிக்கோடி கண்ணு. எல்லாத்தையும் அது வாங்கிக்கும்."

நாய் நடுங்கியது. பிள்ளைக்கோ மூச்சு வாங்குவது நிற்கவில்லை. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன, உதடு நீலம் பாரித்தது.

"அய் பெந்தீத்தோ, கடவுளே!" மிக்தாலியாவின் கை தானாக போனுக்குப் போனது. பேசிவிட்டு அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். "ஆம்புலன்ஸ் மேல ஏறி வர அரைமணி ஆகுமாம்."

வில்ஃப்ரெடோவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "யரேலிஸ், இன்ஹேலரை எங்கம்மா வெச்சிருக்கே?"

"என்ன இன்ஹேலர்?" என்றாள் மனைவி.

"நான்தான் வாங்கிக் குடுத்தேன். திட்டணும்னா அப்புறமா திட்டு. ஆறு வாரமா நல்லா இருந்தாளே, நாயாலன்னா நெனச்சே?"

அவன் பயந்தபடி அவள் திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். "குடுய்யா! எதையாவது சீக்கிரம் குடு!"

மகள் குவாத்ரோ உறையைக் காட்டினாள். அவன் பாய்ந்து எடுத்து, குலுக்கி, அவள் வாயில் வைத்து அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் அழுத்தினான். மீதி எத்தனை இழுப்பு என்று காட்டும் பின்பக்கத்துச் சின்னக் கட்டத்தில் பூஜ்யம் தெரிந்தது.

"இருநூறு இழுப்பும்மா! அதுக்குள்ள எல்லாத்தையுமா இழுத்துட்டே?"

யரேலிஸ் இல்லையென்று தலையாட்டினாள். மடியில் வெடவெடத்துக்கொண்டிருந்த நாயைத் தடவியபடி, வார்த்தைக்கு வார்த்தை காற்றைத் தேடிக்கொண்டு சொன்னாள்.

"கனேலாவுக்குத்தான்ப்பா... தினமும் அடிச்சேன். சீக்கு இப்ப... அவளுக்குத்தானே?"